குழந்தையைத் தூக்குற கைக்கு என்ன சம்பளம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். பயப்படாதீங்க, கூட்டலும் பெருக்கலும் மட்டும்தான்.

ஒரு டே கேர் இருக்குன்னு வெச்சுக்கங்க. உள்ளே 10 குழந்தைங்க, எல்லாரும் 2 வயசுக்குக் கீழ. பார்த்துக்க ஒரு டீச்சர், ஒரு ஆயாம்மா. 8 மணி நேர வேலை. ஒரு குழந்தைக்கு 3 தடவை டயப்பர் மாத்தணும், தடவைக்கு 5 நிமிஷம்னா, 10 குழந்தைக்கு 150 நிமிஷம். இரண்டரை மணி நேரம் அதுலயே போச்சு. அடுத்தது சாப்பாடு. பால், கஞ்சி, பருப்பு சாதம்னு 3 வேளை. வேளைக்கு 15 நிமிஷத்துல ஒரு குழந்தை சாப்பிட்டு முடிச்சிடும்னு ரொம்ப நம்பிக்கையா போட்டாக்கூட 450 நிமிஷம், அதாவது ஏழரை மணி நேரம்.

ரெண்டையும் கூட்டினா 10 மணி நேரம். ரெண்டு பேரோட மொத்த வேலை நேரம் 16 மணி. மிச்சம் 6. அந்த 6 மணி நேரத்துக்குள்ள 10 பேரைத் தூங்க வைக்கணும், அழுறவங்களைத் தூக்கணும், வாந்தி எடுத்த இடத்தைத் துடைக்கணும், அம்மா அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பணும். நடுவுல அவங்க ரெண்டு பேரும் சாப்பிடணும், பாத்ரூம் போகணும். பாட்டு, கதை, விளையாட்டு எல்லாம் எப்போ நடக்கும்? சொல்லுங்க.

நிமிஷக் கணக்கு என்னோடது. ஆனா 10 குழந்தைக்கு ஒருத்தர்ங்கிற அளவு நான் போட்டது இல்ல. 2018-ல் மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் காப்பகங்களுக்கான குறைந்தபட்ச வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 3 வயதுக்குக் கீழே இருந்தால் 10 குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர், கூடவே ஓர் உதவியாளர் என்பது அதில் இருக்கும் அளவு. இங்கிலாந்தில் 2 வயதுக்குக் கீழே 3 குழந்தைகளுக்கு ஒருவர் இருந்தாகணும். அமெரிக்காவில் இளங்குழந்தைக் கல்விக்கான தேசிய சங்கம் கைக்குழந்தைகளுக்குப் பரிந்துரைப்பது 4 குழந்தைக்கு ஒருவர்.

இன்னைக்குப் பேசப்போற விஷயம் இதுதான். பிறந்ததிலிருந்து 3 வயசு வரைக்கும் இருக்கிற குழந்தைகளைப் பார்த்துக்கிற, அவங்களுக்குச் சொல்லித்தர்ற பெண்கள் எந்த நிலைமையில வேலை பார்க்கிறாங்க? அது நம்ம குழந்தையை எப்படிப் பாதிக்குது?

டயப்பர் மாத்துறதுல என்ன பாடம் இருக்கு?

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கலாம். "கைக்குழந்தைக்கு எதுக்குங்க டீச்சர்? பார்த்துக்க ஒரு ஆள் இருந்தா போதாதா?"ன்னு நிறைய பேர் கேட்பாங்க.

எம்மி பிக்லர்னு ஒரு ஹங்கேரிய குழந்தை மருத்துவர். 1946-ல் புடாபெஸ்ட்ல லோட்சிங்கிற தெருவுல, பெற்றோர் இல்லாத கைக்குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினாங்க. துணி மாத்துறது, குளிப்பாட்டுறது, ஊட்டுறது மாதிரி நேரங்கள்தான் ஒரு குழந்தைக்கும் அதைப் பார்த்துக்கிறவருக்கும் உறவு உண்டாகுற நேரம்ங்கிறதுதான் அவங்களோட அடிப்படைக் கருத்து. அதனால அங்க அவசரமே கூடாது. "இப்போ உன் கையைத் தூக்கப்போறேன்"னு குழந்தைகிட்ட சொல்லணும். அது எப்படி எதிர்வினை பண்ணுதுன்னு காத்திருந்து பார்க்கணும். அப்புறம்தான் தூக்கணும்.

இன்னைக்கு மூளை வளர்ச்சி பத்திப் பேசுறவங்களும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்றாங்க. குழந்தை ஒரு சத்தம் கொடுக்கும், ஒரு பார்வை பார்க்கும், விரலை நீட்டும். எதிர்ல இருக்கிறவர் அதுக்குப் பதில் கொடுக்கணும். "ஆமா, காக்கா. காக்கா வந்துருக்கு பாரு." நாள் முழுக்க நடக்கிற இந்தக் கொடுக்கல் வாங்கல்லதான் மொழியும் நம்பிக்கையும் வளருது. 2020-ல் வந்த தேசிய கல்விக் கொள்கை, மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் 6 வயதுக்கு முன்பே நடந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறது.

இப்போ நம்ம கணக்குக்குத் திரும்பி வாங்க. 5 நிமிஷ டயப்பர் 2 நிமிஷமா சுருங்கினா வேலை முடியும், ஆனா பேச்சு போயிடும். கையில ஒரு குழந்தை, கண்ணு இன்னொரு குழந்தை மேல, காது மூணாவதோட அழுகையில. இப்படி நிக்கிற டீச்சர் எவ்வளவு பாசக்காரங்களா இருந்தாலும், காக்காவைக் காட்டுற விரலைக் கவனிக்க முடியாது. 10-ம் வகுப்புப் பையனுக்கு ஆசிரியர் சோர்ந்து போனாலும் புத்தகம்னு ஒண்ணு இருக்கு. 10 மாசக் குழந்தைக்குப் புத்தகமும் அந்த அம்மாதான், வகுப்பறையும் அந்த அம்மாதான். அவங்களோட வேலை நிலைமைதான் அந்தக் குழந்தையோட பாடத்திட்டம். இந்த எபிசோட்ல நான் சொல்ல வர்றதே இந்த ஒண்ணுதான்.

உடம்பு தாங்கணும்ல

இந்த வேலையில பாசத்தைப் பத்திப் பேசுவோம், எடையைப் பத்திப் பேச மாட்டோம். ஒரு வயசுக் குழந்தை சுமார் 9 கிலோ இருக்கும். ஒரு டீச்சர் 5 குழந்தைகளை, ஒவ்வொருத்தரையும் நாளைக்கு 8 தடவை தூக்கி இறக்கினா 40 தடவை. மொத்தம் 360 கிலோ. அதுவும் தரையில இருந்து குனிஞ்சு தூக்கணும். மூட்டை தூக்குறவர் தோள்ல துண்டாவது போட்டுக்குவார்.

அடுத்தது பாத்ரூம். கைக்குழந்தைங்க இருக்கிற அறையை ஒரு நிமிஷம்கூடத் தனியா விட முடியாது. ஆயாம்மா அடுப்படிக்கோ வெளிய ஏதாவது வாங்கவோ போயிருந்தா டீச்சர் அடக்கிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கணும். அதுக்காகவே தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுக்கிறவங்க இருக்காங்க. சிறுநீர்த் தொற்று எங்கிருந்து வருதுன்னு தனியா தேட வேண்டாம்.

மூணாவது நோய். குழந்தைங்க கூட்டமா இருக்கிற இடத்துல சளியும் காய்ச்சலும் வயித்துப்போக்கும் சுத்திக்கிட்டே இருக்கும். குழந்தைக்கு ஜுரம்னா வீட்டுல வெச்சுக்கங்கன்னு சொல்லுவாங்க. டீச்சருக்கு ஜுரம்னா? சம்பளத்தோட நோய் விடுப்பு இல்லாத இடத்துல அவங்க மாத்திரை போட்டுக்கிட்டு வருவாங்க. அப்போ அந்த ஜுரம் நம்ம குழந்தைக்கும் வரும்.

மூணு வாசல்

நம்ம ஊர்ல இந்தப் பெண்கள் பெரும்பாலும் மூணு வாசலுக்குள்ள வேலை பார்க்கிறாங்க.

முதல் வாசல், பெரிய அலுவலக வளாகத்துக்குள்ள இருக்கிற காப்பகம். 2017-ல் மகப்பேறு பயன் சட்டத்தில் திருத்தம் வந்தது. பேறுகால விடுப்பு 26 வாரம் ஆனது. 50 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்கிற நிறுவனங்கள் காப்பக வசதி செய்யணும், அம்மா ஒரு நாளைக்கு 4 தடவை போய்ப் பார்த்துட்டு வரலாம்னும் சேர்த்தாங்க. இதுக்கு முன்னாடியே 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டமும் 1951-ம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் காப்பகம் கேட்டிருக்கு. நல்ல சட்டங்கள்தான். ஆனா 2017 திருத்தத்தை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அதுல அம்மா இருக்காங்க, வசதி இருக்கு, தூரம் இருக்கு, எத்தனை தடவை பார்க்கலாம்ங்கிறது இருக்கு. குழந்தையைக் கையில வெச்சிருக்கிற ஆள் மட்டும் அதுல இல்ல.

இரண்டாவது வாசல், உங்க தெருவுலயோ அபார்ட்மெண்ட்லயோ இருக்கிற டே கேர், ப்ளே ஸ்கூல். இங்க சம்பளம் பெரும்பாலும் வாய்ப்பேச்சுல முடிவாகுறது. மே மாசம் குழந்தைங்க குறைஞ்சா சம்பளமும் குறையும். ஒரு பெற்றோர் 7 மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு எட்டேகாலுக்கு வந்தா, அந்த ஒண்ணேகால் மணி நேரம் யார் கணக்கு? வீட்டுல தன் குழந்தையைப் பாட்டிகிட்ட விட்டுட்டு வந்திருக்கிற அந்த டீச்சரோட கணக்கு. டிராஃபிக்னு நாம சாதாரணமா சொல்லிட்டுப் போறதுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு.

மூணாவதுதான் இருக்கிறதுலயே பெரிய வாசல். பால்வாடி, அதாவது அங்கன்வாடி.

பால்வாடி டீச்சரோட ஒரு நாள்

1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் சோதனை முறையில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு இதுல தனிக் கதையே உண்டு. 1980-ல் உலக வங்கி உதவியோட வந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 மாசத்துலருந்து 36 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைகளை மாசாமாசம் எடை பார்த்தது. 1982-ல் சத்துணவுத் திட்டம் பால்வாடிக் குழந்தைகளையும் சேர்த்துக்கிச்சு. இன்னைக்குத் தமிழ்நாட்டுல 54,439 மையங்கள் இருக்கு.

மையத்துக்கு வந்து உட்கார்றவங்க பெரும்பாலும் 2 வயசைத் தாண்டினவங்க. அதுக்குக் கீழ இருக்கிற குழந்தைங்க வீட்டுல இருப்பாங்க. அவங்களைத் தேடி டீச்சர்தான் போகணும். எடை எடுக்கணும், உயரம் அளக்கணும், சத்துமாவு கொடுக்கணும், தடுப்பூசிக்கு நினைவுபடுத்தணும், தாய்ப்பால் பத்திப் பேசணும், கர்ப்பிணிகளைப் பார்க்கணும். காலையில மையத்துல முன்பருவக் கல்வி, நடுவுல சமையல் மேற்பார்வை, மதியத்துக்கு மேல வீடு வீடா நடை. இதெல்லாம் 2021-ல் வந்த போஷன் டிராக்கர் செயலியில ஏறணும். 2025 ஜூலையிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கிற உணவுக்கு முக அடையாளப் பதிவும் வந்தாச்சு. கையில குழந்தை, இன்னொரு கையில போன், சிக்னல் இல்ல. வாக்காளர் பட்டியல் வேலை வந்தா அதுக்கும் இவங்களைத்தான் கூப்பிடுவாங்க.

2024-ல் மத்திய அமைச்சகம் 'நவ்சேத்தனா'னு பிறப்பு முதல் 3 வயது வரைக்குமான ஒரு கட்டமைப்பை வெளியிட்டது. 36 மாசத்துக்கு மாசவாரியா அட்டவணை, 140 செயல்பாடுகள். குழந்தையோட பேசுங்க, பாடுங்க, விளையாடுங்கன்னு அருமையா எழுதியிருக்காங்க. நான் குறை சொல்லல. கேட்கிறது ஒண்ணுதான். இந்த 140 செயல்பாட்டை நாளோட எந்த மணி நேரத்துல வைக்கிறது?

சம்பளமா, மதிப்பூதியமா?

இப்போ பணத்துக்கு வருவோம். திட்டத்தோட தொடக்கத்துலருந்தே இவங்களைக் கௌரவப் பணியாளர்னு பார்த்தாங்க. அதனால இவங்க வாங்குறதுக்குப் பேரு சம்பளம் இல்ல, மதிப்பூதியம். 2018 அக்டோபர் 1 முதல் மத்திய அரசு நிர்ணயித்த தொகை டீச்சருக்கு மாதம் 4,500 ரூபாய், குறு அங்கன்வாடி டீச்சருக்கு 3,500, உதவியாளருக்கு 2,250. அதுக்கப்புறம் பல வருஷம் அந்தத் தொகை அப்படியே நின்னுது. அதுக்கு மேல கொடுக்கிறது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

தமிழ்நாடு இந்த விஷயத்துல பல மாநிலங்களைவிட ஒரு படி முன்னாடி வந்திருக்கு. இங்க சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. 2025-ல் 7,783 காலியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. டீச்சருக்கு முதல் 12 மாதம் தொகுப்பூதியம் 7,700 ரூபாய், குறு அங்கன்வாடி டீச்சருக்கு 5,700, உதவியாளருக்கு 4,100. அப்புறம் டீச்சர் 7,700-லிருந்து 24,200 வரை போகும் காலமுறை ஊதியத்துக்கு மாறுவாங்க. கேட்கிற படிப்பு டீச்சருக்கு 12-ம் வகுப்பு. தொடக்கத் தொகையை 30 நாளால வகுத்துப் பாருங்க. டீச்சருக்கு நாளைக்கு 257 ரூபாய்கூட முழுசா வராது. உதவியாளருக்கு 137 ரூபாய்கூட வராது.

இந்த "மதிப்பூதியம்"ங்கிற ஒரு சொல் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. 2006-ல் கர்நாடகத்து அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று சொன்னது. 2013-ல் 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு இவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2022 ஏப்ரலில் குஜராத்தைச் சேர்ந்த மணிபென் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1972-ம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை மதிப்பூதியமும் ஊதியம்தான் என்று நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். திட்டம் தொடங்கி 46 வருஷம் கழிச்சு.

டீச்சர் மாறினா குழந்தைக்கு என்ன?

"சம்பளம் கம்மின்னா வேற வேலைக்குப் போகலாமே?"ன்னு ஒரு கேள்வி வரும். போறாங்க. பிரச்சனையே அதுதான்.

1989-ல் அமெரிக்காவுல மார்சி வைட்புக்கும் கூட இருந்த ஆய்வாளர்களும் 5 நகரங்கள்ல 227 காப்பகங்களைப் பார்த்து ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு வருஷத்துல வேலையை விட்டுப் போறவங்க 41 சதவீதம். யார் வேலையில இருக்காங்க, யார் போறாங்கன்னு தீர்மானிக்கிறதுல முக்கியமான காரணம் சம்பளம். ஆட்கள் அடிக்கடி மாறுற இடத்துல இருந்த குழந்தைங்க மொழியிலும் மத்தவங்களோட பழகுறதுலயும் பின்தங்கியிருந்தாங்க.

சரி, சம்பளம் கூட்டினா மாறுமா? 2019-ல் வர்ஜீனியா மாநிலத்துல ஒரு சோதனை நடந்தது. குலுக்கல் முறையில தேர்ந்தெடுத்த ஒரு தரப்பு ஆசிரியைகளுக்கு, வேலையில தொடர்ந்து இருந்தா 1,500 டாலர் தர்றோம்னு சொன்னாங்க. வேற எந்த மாற்றமும் செய்யல. அந்தத் தொகை இல்லாத காப்பகங்கள்ல 8 மாசத்துக்குள்ள 30 சதவீதம் பேர் போனாங்க. தொகை கிடைச்ச இடத்துல 15 சதவீதம். அப்படியே பாதி.

ஒரு வயசுக் குழந்தைக்கு ராஜினாமா, நோட்டீஸ் பீரியட் எல்லாம் புரியாது. நேத்து வரைக்கும் இருந்த மடி இன்னைக்கு இல்ல. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். புது ஆளோட வாசனை, குரல், தூக்குற விதம் எல்லாம் பழக வாரக்கணக்காகும். பழகினதும் அவங்களும் போயிட்டா?

அப்போ ஃபீஸ் ஏத்திடலாமா?

இதுல ஒரு முடிச்சு இருக்கு, அதையும் நேர்மையா பார்க்கணும். மறுபடியும் கணக்கு, மன்னிச்சுக்கங்க.

டீச்சருக்கு 20,000, ஆயாம்மாவுக்கு 14,000னு ஓரளவு மரியாதையான சம்பளம் கொடுக்கிறோம்னு வைங்க. 10 குழந்தைக்கு ஒரு டீச்சர், ஒரு ஆயாம்மான்னா ஒரு குழந்தைக்குச் சம்பளச் செலவு 3,400 ரூபாய். அதையே 4 குழந்தைக்கு ஒரு டீச்சர்னு மாத்துவோம். 8 குழந்தை, 2 டீச்சர், 1 ஆயாம்மா. 54,000-ஐ 8-ஆல வகுத்தா 6,750. வாடகை, கரண்ட், சாப்பாடு எதுவும் இன்னும் சேரல.

ஐடி சம்பளம் வாங்குறவங்க கட்டிடலாம். துணிக்கடையில நின்னுக்கிட்டே வேலை பார்க்கிற அம்மா? வீட்டு வேலைக்குப் போற அம்மா? அவங்களால முடியாது. அதனால விகிதம் 10-லயே நிக்குது, சம்பளமும் கீழேயே நிக்குது. நடுவுல இருக்கிற அந்த 3,350 ரூபாய் மாயமா மறைஞ்சு போறது இல்ல. இன்னொரு பெண் தன் முதுகாலயும் தூக்கத்தாலயும் அதைக் கட்டிக்கிட்டிருக்காங்க.

இந்த வேலையை வேகப்படுத்தவும் வழி இல்ல. கம்ப்யூட்டர் வந்ததால ஒருத்தர் 40 குழந்தைக்கு ஊட்டிட முடியாது. அதனால பெற்றோர் ஃபீஸ் மட்டும் வெச்சு இந்த முடிச்சு அவிழாது. 1-ம் வகுப்பு டீச்சருக்கு அரசு சம்பளம் கொடுக்கிறதை நாம யாரும் கேள்வி கேட்கிறதில்ல. 1 வயசுக் குழந்தையோட டீச்சருக்கு மட்டும் ஏன் அது மதிப்பூதியமா இருக்கணும்?

நீங்க என்ன செய்யலாம்?

உங்களுக்குக் குழந்தை இருந்தாலோ, டே கேர் தேடுற நண்பர் இருந்தாலோ, சுவத்துல என்ன பொம்மை வரைஞ்சிருக்கு, சிசிடிவி இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க. இன்னும் அஞ்சு கேள்வி கேளுங்க. என் குழந்தையை யார் பார்த்துப்பாங்க, அவங்க கையில மொத்தம் எத்தனை குழந்தை? அவங்க இங்க எத்தனை வருஷமா இருக்காங்க? போன வருஷம் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனாங்க? அவங்களுக்கு உடம்பு சரியில்லன்னா சம்பளத்தோட லீவு உண்டா, பதிலுக்கு யார் வருவாங்க? அவங்க மதியம் எப்போ உட்கார்ந்து சாப்பிடுவாங்க? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல நிர்வாகம் தடுமாறினா, மத்த நாலுக்கும் பதில் கிடைச்ச மாதிரிதான்.

கூட்டிட்டுப் போற நேரத்துக்குப் போயிடுங்க. லேட்டாச்சுன்னா அதுக்கான காசு டீச்சர் கைக்குப் போகுதான்னு கேளுங்க. உங்க ஆபீஸ்ல காப்பகம் இருந்தா, அதை ஒப்பந்தத்துல விடும்போது விலை மட்டும் பார்க்கிறாங்களா, அங்க வேலை செய்றவங்களோட சம்பளத்தையும் பார்க்கிறாங்களான்னு ஹெச்ஆர்கிட்ட ஒரு மெயில் போடுங்க. அங்கன்வாடிப் பணியாளர்கள் போராட்டத்தால ரோடு அடைச்சிருக்குன்னு அடுத்த தடவை கேள்விப்பட்டா, கோரிக்கை என்னன்னு ஒரு நிமிஷம் படிங்க. பணி நிரந்தரம், காலமுறை ஊதியம், ஓய்வூதியம்னு இருக்கும். படிக்க அவங்க பிரச்சனை மாதிரி தெரியும். உங்க குழந்தையை நாளைக்குத் தூக்கப்போற கை சோர்ந்த கையா இல்லையாங்கிறதும் அதுலதான் இருக்கு.

இந்த வேலை பார்க்கிறவங்க யாராவது இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, உங்க ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேர் சொல்ல வேண்டாம். குழந்தைங்க தூங்குற நேரத்துல மெதுவா பேசி அனுப்பினாலும் போதும், நாங்க கேட்டுக்கிறோம். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.